ஏழு மணி இடத்துக் காயம்

வெர்டெல் மாப்பின் கைப்பையில் அன்று காலை ஒரு திருட்டுப் பொருள் இருந்தது. அதைத் திருடியவள் என்று ஏழு வருடமாக ஊரே சொல்லிக்கொண்டிருந்த பெண்ணும் அவளேதான். ரோந்து வரும் போலீஸ்காரன் சும்மா எட்டிப் பார்த்தாலும் கதை முடிந்துவிடும். ஆனாலும் அவள் டால்டன் ஊர் எல்லையிலிருந்த சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து, பிஸ்கட் ரொட்டியின் மேல் வெள்ளைக் குழம்பை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எதிரே இருந்த அவள் உதவியாளன் லென்னி சோகலோ தன் தட்டைத் தொடவே இல்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"பாஸ், ஜெயில்ல காலைச் சாப்பாடு இவ்வளவு ருசியா இருக்காது. இன்னொரு தட்டு சொல்லிடுங்க, ரெண்டு வருஷத்துக்குத் தாங்கட்டும்."

"நீ சாப்பிடலைன்னா அந்தத் தட்டை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் வெர்டெல்.

பையிலிருந்தது ஓர் அரை டாலர் வெள்ளிக் காசு. ஸ்டோன் மவுண்டன் மலையில் தெற்கத்திப் படையின் தளபதிகளைச் செதுக்கப்போகிறோம் என்று 1925இல் பணம் திரட்டினார்களே, அப்போது அடித்த நினைவுக் காசு. அடிமைகளை விடமாட்டோம் என்று சண்டை போட்டுத் தோற்ற கட்சியின் இரண்டு தளபதிகள் குதிரைமேல் ஜம்பமாக உட்கார்ந்திருப்பார்கள். மலையைச் செதுக்க வந்த சிற்பி நிர்வாகத்தோடு சண்டை போட்டு, தன் மாதிரிகளைத் தானே உடைத்துவிட்டு ஊரைவிட்டே ஓடினான். வசூலான பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மலையில் வேலை முடிய அரை நூற்றாண்டு ஆனது, காசு மட்டும் அன்றே கைக்குக் கை மாறத் தொடங்கிவிட்டது. அதிலும் சில காசுகளில் மாநிலத்தின் எழுத்தும் ஓர் எண்ணும் முத்திரை குத்தி ஊர் ஊராக ஏலம் விட்டார்கள். முத்திரைக் காசு என்றால் சேகரிப்பவர்கள் பெண்டாட்டி நகையைக்கூட அடகு வைப்பார்கள். வெர்டெலிடம் இருந்தது ஜார்ஜியாவின் முப்பத்தொன்றாம் எண்.

வெர்டெல் அந்த மலையின் அடிவாரத்தில், கறுப்பர்கள் குடியிருந்த ஷெர்மன்டவுனில் பிறந்தவள். இந்தக் குதிரைக்காரர்களை வைத்துப் பிழைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று லென்னி ஒருமுறை கேட்டிருக்கிறான். அவர்கள் முகத்தைத் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஜார்ஜியாவிலேயே கிடையாது, அந்தப் பரிச்சயம் தனக்குச் சோறு போட்டால் அது அவர்கள் தனக்குத் தரவேண்டிய பாக்கி என்று அவள் சொன்னாள்.

ஏழு வருடத்துக்கு முன் அவள் அட்லாண்டாவில், காசுகளுக்குத் தரம் போடும் அலுவலகம் ஒன்றில் தலைமை மதிப்பீட்டாளர். காசு வரும். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று எண் போடுவாள். பிறகு அதைப் படம் எடுத்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து, சீட்டு ஒட்டி, சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுவார்கள். ஹாலிஸ் டார்ப்லி என்ற வியாபாரி முப்பத்தொன்றை அனுப்பினான். முத்திரைக் காசுக்கு யாரும் கொடுக்கத் துணியாத அறுபத்தேழை அவள் கொடுத்தாள். கூட்டில் அடைத்த காசு அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திறந்த டார்ப்லி, உள்ளே இருப்பது தன் காசே இல்லை, போலி முத்திரை குத்திய வேறு காசு என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பெட்டியின் முத்திரை உடையாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அவன் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். காப்பீட்டுக் கம்பெனி அவனுக்குப் பணம் கொடுத்தது. அலுவலகம் வெர்டெலை வெளியே அனுப்பியது.

வழக்குப் போட ஆதாரம் இல்லை. ஊருக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. தேவாலயத்தில் வெர்டெலின் அம்மா உட்காரும் பெஞ்சில், பக்கத்துப் பெண்கள் கைப்பையை எடுத்து மறுபுறம் வைத்துக்கொண்டார்கள். நாற்பது வருடம் ஒரே பெஞ்சில் பாடிய பெண்கள். மூன்று ஞாயிறு அதைப் பார்த்த அம்மா நான்காவது ஞாயிறு போகவில்லை. அடுத்த வருடம் சவப்பெட்டியில்தான் போனாள். வெர்டெல் அதன்பிறகு துப்பறியும் உரிமம் வாங்கினாள். ஊரார் அதைப் பிழைப்பு என்று நினைத்தார்கள். லென்னி ஒருவனுக்குத்தான் தெரியும், அவள் எடுத்த வழக்கெல்லாம் இந்த ஒரு வழக்குக்கான ஒத்திகை என்று.

இந்த வியாழக்கிழமை அவள் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே முப்பத்தொன்று.

"காசை இன்னொரு தடவை பாரு" என்றாள் வெர்டெல். லென்னி மேசைத் துணிக்குக் கீழே மறைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பினான். நூறு வருட வெள்ளி, ஓரமெல்லாம் நீலமும் செம்பும் கலந்து மயிற்கழுத்தாக மின்னியது. பின்பக்கம் கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. லென்னி அதைப் பார்த்ததும் பழைய நண்பனைக் கண்டவனாகச் சிரித்தான். அவன் முன்னாளில் கூடு உடைப்பவன். தரம் போட்ட காசை வாங்குவது, கூட்டை உடைப்பது, ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்குமா என்று மறுபடி அனுப்புவது. நியூ ஜெர்சியிலிருந்து வந்து தெற்கில் அவன் கற்ற ஒரே தொழில் அது.

"இது வெட்டுற பிளையர் கடிச்ச காயம் பாஸ். கூட்டோட மூலையை நறுக்கும்போது கை வழுக்கினா இங்கதான் விழும். நானே எத்தனையோ காசை இப்படிக் கடிக்க விட்டிருக்கேன். இதை அவசரமா உடைச்சிருக்கான்."

"யாரு?"

"டார்ப்லிதான். ஆனா காயத்துல அவன் பேரு எழுதலையே."

அதுதான் சிக்கல். டார்ப்லியே கூட்டை உடைத்து, போலியை உள்ளே வைத்து, மறுபடி ஒட்டியிருக்கிறான் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் காசு இப்போது இருப்பது வெர்டெலின் கையில். இதைக் கொண்டுபோய் ஷெரிஃபிடம் கொடுத்தால், திருடி கடைசியில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் ஏட்டில் ஏறும். அம்மாவின் பெஞ்சு அப்படியே காலியாகக் கிடக்கும்.

வெர்டெல் பொட்டலத்தின் சமாச்சாரத்தை வரிசையாகச் சொன்னாள். காசைப் பஞ்சில் சுற்றாமல், அமிலம் இல்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றியிருக்கிறது. மேலே ஒரு விரல் ரேகை கிடையாது. அப்படியென்றால் காசுக்காரன் வீட்டில் பல வருடம் குடித்தனம் நடத்திய கை. ஆனால் காகிதத்தைக் காசின் முகத்துக்கு நேராகவே ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருக்கிறது. பசை இறங்கிக் காசு கெட்டுவிடும் என்று காசுக்காரன் அதைச் செய்யவே மாட்டான். ஒட்டுநாடாவில் மூன்று வெள்ளைச் சுருட்டை முடி, லாவெண்டர் சோப்பு வாசனை.

"வயசான காசுக்காரர் குளிச்சிட்டு வந்திருப்பார்" என்றான் லென்னி.

"பூடில் நாய். தபால் முத்திரை டால்டன். இந்த ஊர்ல நாய்க்கு முடி வெட்டுற கடை ரெண்டு. அதுல ஒண்ணோட முதலாளி பேரு நடீன் டார்ப்லி. விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு."

லென்னி கடைசியில் பிஸ்கட்டைக் கடித்தான்.

*

நடீனின் கடையில் ஒரு பூடில் மேசைமேல் நின்று, பாதி உடம்பு சிரைக்கப்பட்ட நிலையில், உலகத்தையே வெறுப்போடு பார்த்தது. நடீனுக்கு அறுபது வயதிருக்கும். தலைமுடியும் உதட்டுச் சாயமும் ஒரே சிவப்பு. வெர்டெலைப் பார்த்ததும் அவள் கத்தரியை நிறுத்தவில்லை.

"வந்துட்டியா தங்கம். நேத்தே வருவேன்னு நெனச்சேன்."

ஒளித்துமறைக்க அவளுக்கு ஆசையே இல்லை. ஏழு வருடத்துக் குமுறல், தட்டிவிட்டால் கொட்டும் நிலையில் இருந்தது. டார்ப்லி அன்று இரவே சமையலறை மேசையில் கூட்டை உடைத்தானாம். பிளையர் வழுக்கிக் காசின் விளிம்பில் பட்டதும் தன் காலே முறிந்ததுபோல உட்கார்ந்துவிட்டானாம். காப்பீட்டுப் பணம் வந்தது, ஏரிக்கரை வீடு வந்தது. அதன்பின் தரை விரிப்புக் கடையில் வேலை பார்த்த இருபத்தொன்பது வயதுக்காரியும் வந்தாள். ஏரிக்கரை வீட்டிலிருந்து நடீன் வெளியேறிய அன்று, அவன் தூண்டில் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மீன் பிடிக்கக்கூடாது என்ற ஒரே நோக்கத்தில் செய்ததாம். போன மாதம்தான் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்து, அங்கே காசைக் கண்டிருக்கிறாள்.

ஏன் விற்கவில்லை என்று லென்னி கேட்டான். விற்றால் தன் கைக்குக் காசு வரும், அவன் கைக்கு விலங்கு வராது என்றாள் நடீன். அவன் விலங்கோடு நடப்பதைப் பார்க்கவேண்டும், அதற்காக எத்தனை நாயையும் இலவசமாகக் குளிப்பாட்டத் தயார் என்றும் சொன்னாள்.

வெர்டெல் முதல் முறையாக வாய் திறந்தாள். "அன்னிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்க."

கத்தரி ஒரு நொடி நின்றது. "அப்ப நான் அவன் பொண்டாட்டி. போடுன்னான், போட்டேன். அது உன்னைப் பத்தினதுன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது." பிறகு குரல் இறங்கியது. "இப்ப நான் வாயைத் திறந்தா நானும் அவன்கூட உள்ளே போகணும். அதனாலதான் உனக்கு அனுப்பினேன். உன்னைவிட அவன்மேல கோவம் யாருக்கு இருக்கும். என் பேரு மட்டும் வரக்கூடாது தங்கம், சத்தியமா வரக்கூடாது."

வெர்டெல் பூடிலின் காதைத் தடவி, இதற்கு என்ன வயது என்று விசாரித்தாள். ஒன்பது என்றாள் நடீன். நல்ல நாய் என்றாள் வெர்டெல், இன்றைக்கு டார்ப்லி மேசை போட்டிருக்கும் காசுக் கண்காட்சிக்குத்தான் போகிறேன் என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் சத்தியம் எதுவும் செய்யவில்லை என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் லென்னி கவனித்தான்.

காரில் அவள் கைப்பையிலிருந்து ஒரு புதிய பிளாஸ்டிக் கூட்டை எடுத்து, காசை அதில் வைத்து அமுக்கினாள். அகலமான வெள்ளை வளையம் கொண்ட கூடு, காசின் விளிம்பு முழுவதையும் மூடிவிட்டது. இவ்வளவு அழகான ஓரத்தை எதற்கு மறைக்கவேண்டும் என்று லென்னி முறையிட்டான்.

"சபைக்குப் போறோம், ஒழுங்கா உடுத்திக்கிட்டுப் போகணும்" என்றாள்.

சாட்சி சொல்ல மாட்டேன் என்கிற சாட்சியை வைத்துக்கொண்டு சபையில் என்ன செய்வது என்று அவன் கேட்டான். அவள் காரைக் கிளப்பினாள். அவள் தாடை இறுகியிருந்ததை லென்னி ஓரக்கண்ணால் பார்த்தான். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவளிடம் கோபத்தைப் பார்த்திருக்கிறான், துக்கத்தைப் பார்த்திருக்கிறான், இது இரண்டுமே இல்லை.

*

கண்காட்சிக் கூடத்தில் நூற்றுக்கு மேல் மேசைகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, கறுப்பு வெல்வெட் துணி. சனிக்கிழமைக் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தது. வெர்டெல் உள்ளே நுழைந்ததும் முதல் மேசைக்காரர் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்தவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். அவள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் மூடிகள் விழும் சத்தம் அவளோடு கூடவே வந்தது. லென்னிக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து அறையவேண்டும் என்றிருந்தது. அவள் எந்தப் பக்கமும் திரும்பாமல் நடந்தாள்.

ஹாலிஸ் டார்ப்லியின் மேசை நட்டநடுவில் இருந்தது. எழுபது வயது, பெரிய உடம்பு, கழுத்தில் வெள்ளிக் கொக்கி போட்ட கயிற்று டை. அவனுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று, ஒரு காசைக் கொடுத்து இதற்கு என்ன தரம் சொல்லுவீர்கள் என்று கேட்பதும் அவன் மூன்றே நொடியில் எண் சொல்வதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு கண்காட்சியிலும் இது நடக்கும். அவன் சொன்ன எண்ணை அலுவலகங்களே தாண்டத் தயங்கும் என்று பேச்சு. எண்ணைச் சொல்லிவிட்டு, எதனால் ஒரு புள்ளி குறைத்தேன் என்பதையும் சொல்லுவான். அந்தக் காரணத்தைக் கேட்கத்தான் கூட்டமே கூடும்.

வெர்டெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கூட்டை அவன் வெல்வெட் துணிமேல் வைத்தாள். "இதுக்கும் ஒரு தரம் சொல்லுங்க மிஸ்டர் ஹாலிஸ்."

டார்ப்லி காசைப் பார்த்தான். முகத்திலிருந்த ரத்தம் வற்றி, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது கூடவே லாட்டரி விழுந்த சந்தோஷமும் வந்ததை லென்னி பார்த்தான். கணக்கு அவனுக்கும் புரிந்தது. தொலைந்த காசு நடீன் வழியாகவோ எப்படியோ சந்தைக்கு வந்து, ஊரில் இத்தனை பேர் இருக்க இந்த முட்டாள் பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளும் அதை நூறு பேர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். டார்ப்லிக்கு இதைவிட நல்ல நாள் வராது.

"கில்ஸ்ட்ராப்பைக் கூப்பிடுங்க" என்று அவன் உரக்கச் சொன்னான். "என்கிட்ட திருடின காசை இவளே கொண்டுவந்து வெச்சிருக்கா. எல்லாரும் பாத்துக்கோங்க. இது என்னோட முப்பத்தொண்ணு."

கில்ஸ்ட்ராப் துணை ஷெரிஃப், அன்று கண்காட்சிக்குக் காவல். அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது சுற்றிலும் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். டார்ப்லி பழைய கதையை முழுவதும் சொன்னான். காசை அலுவலகத்துக்கு அனுப்பிய நாளோடு சரி, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்தான். குரலில் நடுக்கம்கூட வரவழைத்தான். கூட்டத்தில் யாரோ, அவளை அன்றைக்கே உள்ளே போட்டிருக்கவேண்டும் என்றார்கள்.

வெர்டெல் அமைதியாகச் சொன்னாள். "இது அந்தக் காசு இல்லை, ஆபீசர். முத்திரை போலி. சாதாரணக் காசுல யாரோ எழுத்து குத்தியிருக்காங்க. ரெண்டு உளியும் ஒரு சுத்தியலும் இருந்தா நீங்களே குத்தலாம். நான் போட்டா இதுக்கு அறுபத்தொண்ணு போடுவேன்."

அசல் என்று நிரூபிக்க வந்த காசை அவளே போலி என்கிறாள். பாஸுக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டதா என்று லென்னி அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

கில்ஸ்ட்ராப் தலையைச் சொறிந்தார். இவர் அசல் என்கிறார், இந்த அம்மாள் போலி என்கிறார், எனக்குக் காசில் இரண்டு பக்கம் உண்டு என்பது மட்டும்தான் தெரியும் என்றார். எழுத்து யாரும் குத்தக்கூடியது என்றால், இது உங்கள் காசுதான் என்று நான் எதை வைத்து விலங்கு மாட்டுவது என்று டார்ப்லியைக் கேட்டார்.

டார்ப்லியின் கழுத்து சிவந்தது. அறுபத்தொன்று என்ற எண் அவன் காதில் கொதிக்கும் எண்ணெயாக இறங்கியிருக்கவேண்டும். ஐம்பது வியாபாரிகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தர நிபுணனுக்குத் தன் காசையே அடையாளம் தெரியவில்லை என்று நாளைக்குப் பேசிவிட்டால் என்னாவது. விலங்கு வேறு இன்னும் கில்ஸ்ட்ராப்பின் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அறுபத்தொண்ணா" என்றான். "இவளுக்கெல்லாம் யாரு லென்ஸ் கொடுத்தது. அறுபத்தாறு. அந்த ஒரு காயம் இல்லேன்னா அறுபத்தேழு."

"காயமா?" வெர்டெல் கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, மிஸ்டர் ஹாலிஸ். வயசாகிட்டா ஞாபகமும் போயிடும் போல."

"வளையத்துக்கு அடியில இருக்கு. எப்படித் தெரியும் உனக்கு? ஆபீசர், கூட்டைத் திறங்க. பின்பக்கம், ஏழு மணி இடத்துல, விளிம்புல ஒரு சின்ன வெட்டு. அரிசி முனை அளவுதான் இருக்கும். அது இருந்தா என் காசு. இல்லேன்னா இவளை விட்டுடுங்க."

கில்ஸ்ட்ராப் லென்னியைப் பார்த்தார். லென்னி கூட்டைத் திறந்தான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு மரியாதையாகக் கூடு திறந்ததில்லை. காசின் ஓரத்தைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பி விளக்கடியில் காட்டினான். ஏழு மணி இடம், அரிசி முனை அளவு. கூட்டம் குனிந்து பார்த்து முணுமுணுத்தது. கில்ஸ்ட்ராப்பின் கை இடுப்புக்குப் போனது. டார்ப்லி இரண்டு கட்டைவிரலையும் தோள்பட்டை வாரில் மாட்டிக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்று வெர்டெலிடம் கேட்டான்.

"நீங்க சொல்றதுதான் சரின்னு சொல்றேன்" என்றாள் வெர்டெல். "இது முப்பத்தொண்ணுதான். அசல்."

அவள் கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து வெல்வெட்டின் மேல் விரித்தாள். முதல் தாள், கூட்டில் அடைப்பதற்கு முன் அலுவலகம் எடுத்த படம், இரண்டு பக்கமும் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஏழு மணி இடத்தில் வெள்ளி வழவழவென்று இருந்தது. இரண்டாவது தாள், டார்ப்லியே காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிய மனு. விளிம்பில் ஒரு குறையும் இல்லாத காசு, தரம் அறுபத்தேழு, அலுவலகத்துக்கு அனுப்பிய பின் நான் அதைப் பார்க்கவில்லை என்று அவன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"இந்தக் காயம் கூட்டுல அடைச்சதுக்கு அப்புறம் வந்தது, ஆபீசர். கூட்டை உடைச்சவனுக்கு மட்டும்தான் தெரியும். வளையம் மூடியிருக்கும்போதே இவர் இடமும் அளவும் சொன்னார், இத்தனை பேர் கேட்டாங்க. ஏழு வருஷமா பார்க்காத காசுல அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது, மிஸ்டர் ஹாலிஸ்?"

டார்ப்லி வாயைத் திறந்தான். காயம் முதலிலிருந்தே இருந்தது என்றான். பிறகு படத்தைப் பார்த்தான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன் என்றான். யார் சொன்னது என்று கில்ஸ்ட்ராப் கேட்டார். ஒரு புள்ளி குறைந்ததற்குக் காரணம் சொல்லியே பழகிய வாய், இன்றைக்கும் அந்தக் காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டிருந்தது. கட்டைவிரல்கள் வாரிலிருந்து கழன்று தொங்கின.

லென்னிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "எழுபதுக்கு எத்தனை போடுவீங்க மிஸ்டர் ஹாலிஸ், இந்த நிலைமைக்கு" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. விலங்கு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெர்டெல் அதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவன் தலை குனிந்தபோது அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

கில்ஸ்ட்ராப் குறிப்பேட்டை எடுத்தார். காசு உங்களிடம் எப்படி வந்தது அம்மா என்று மரியாதையாகவே கேட்டார்.

லென்னிக்கு அந்தப் பதில் தெரியும். பெயர் இல்லாத பொட்டலம், தபாலில் வந்தது. அது உண்மையும்கூட. அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. காரியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அவன் தொப்பியைக்கூட எடுத்துவிட்டான்.

"நடீன் டார்ப்லி அனுப்பினாங்க" என்றாள் வெர்டெல். "பெட்டி உடையாம வந்ததுன்னு பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க. அந்தக் கையெழுத்து மூணாவது தாள்ல இருக்கு, பாருங்க. அவங்களைத் தேடிப் போக வேண்டாம், வாசல் பக்கம் மஞ்சள் கோட்டுப் போட்டு நிக்கிறாங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் விலங்கோடு நடப்பதைப் பார்க்கத்தான் நடீன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அவள் வராமல் இருக்கமாட்டாள் என்று வெர்டெல் காலையிலேயே கணக்குப் போட்டிருக்கிறாள் என்பது லென்னிக்கு இப்போதுதான் உறைத்தது. நடீனின் சிவப்பு உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. கூட்டம் விலகி அவளுக்கு வழி விட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகவே மேசைவரை வந்துவிட்டாள்.

நான் அனுப்பவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பொட்டலத்தில் பெயரே கிடையாது. ஆனால் அவளுக்கு ஆத்திரம் முந்திக்கொண்டது. "நன்றிகெட்டவளே" என்றாள். "அந்தக் காசு உன் கைக்கு வந்ததே என்னால. நான் அனுப்பலேன்னா இன்னும் திருடியாத்தானே இருந்திருப்பே. நீயும் ஒரு பொம்பளையா?"

கில்ஸ்ட்ராப் மூடப்போன குறிப்பேட்டை மறுபடி திறந்து, இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள் என்று நடீனைக் கேட்டுக்கொண்டார். விலங்கோடு நின்ற டார்ப்லி முதல் முறையாகச் சிரித்தான்.

வெர்டெல் தன் தாள்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு அவள் நடீனின் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மா மூணு ஞாயித்துக்கிழமை அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து பாத்தாங்க. நீங்க போட்டது ஒரே ஒரு கையெழுத்து. நானும் உங்க பேரை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."